ஆறு பேருக்கு மேல் குடும்பம் இல்லை

தனுஜாவுக்கு அருவருப்பு சின்ன வயதிலிருந்தே சீக்கிரம் வந்துவிடும். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப் பிரிவில், பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய லயத்தின் ஒன்பதாம் காம்பராவில் பிறந்தவளுக்கு அது கொஞ்சம் அதிகப்படியான சொத்துதான். வாசலை ஒட்டிக் கான் ஓடும். பன்னிரண்டு வீட்டுக் கழிவும் அதில்தான் போகும். மற்றப் பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதித்து விளையாடுவார்கள். இவள் பாவாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போவாள்.

"பெரிய தொர பங்களாவுல பொறக்க வேண்டியவ. வழி தவறி இங்க வந்துட்டா" என்பாள் அம்மா இராக்கம்மா.

ஆனால் அவளுடைய வாழ்க்கையிலேயே மிகப் பெரிய அருவருப்பு கானிலிருந்து வரவில்லை. 2003ஆம் ஆண்டு, அவளுக்கு இருபத்தாறு வயதாகும்போது, கொழும்பிலிருந்து ஒரு கணினி டிஸ்கட்டில் வந்தது. கோட்டும் சூட்டும் போட்டவர்கள் கையெழுத்திட்டு, மணக்காமல் நாறாமல் வந்தது.

அதற்கு முன் அவள் எப்படிக் கணினிக்குப் போனாள் என்பதைச் சொல்ல வேண்டும். போகவில்லை, அக்கா அனுப்பினாள். அக்கா கமலவேணி ஏழு வயது மூத்தவள். பதினாறு வயதில் கொழுந்து பறிக்கப் போனவள், இருபத்து நாலு வயதில் பெய்ரூட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மூன்று வருஷம் யாரோ ஒருவரின் குளியலறையைத் தேய்த்தாள். தங்கச்சி பதுளையில் தங்கி உயர்தர வகுப்புப் படித்ததும், அதற்குப் பிறகு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த வகுப்பில் இரண்டு வருஷம் கணினி படித்ததும் அந்தத் தேய்ப்பில்தான். அக்கா திரும்பி வந்து கல்யாணம் கட்டினாள். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. இரண்டாவது நடக்கத் தொடங்குமுன் புருஷன் கொழும்புக்கு என்று போனவன் போனவன்தான். கமலவேணி குழந்தைகளோடு ஒன்பதாம் காம்பராவுக்கே வந்து சேர்ந்தாள்.

அங்கே அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பையன்கள் என்று ஏற்கெனவே ஆறு பேர். அக்காவும் பிள்ளைகளும் இஸ்தோப்பில், அதாவது முன்பக்கத் தாழ்வாரத்தில், ஒரு தகரத்தால் மறைத்துக்கொண்டு படுத்தார்கள். அண்ணிக்கும் அவளுக்கும் ஒத்துவராததால் இரண்டாவது மாதமே மூலையில் மூன்று கல்லை வைத்துத் தனியாகச் சமைக்கத் தொடங்கினாள். "அடுப்பு பிரிஞ்சிருச்சு" என்று லயத்தில் சொல்லிக்கொண்டார்கள். தோட்டத்தில் அப்படித்தான் கணக்கு. ஒரு காம்பராவில் எத்தனை அடுப்போ, அத்தனை குடும்பம்.

அந்த லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டிருந்தது. மழை பெய்தால் சுவர் முனகும். ஊவா மாகாணம் முழுக்க அப்படி நாற்பது, ஐம்பது லயங்கள். அவற்றில் இருப்பவர்களைப் பதிந்து, பாதுகாப்பான இடத்தில் தனி வீடு கட்டிக் கொடுக்க ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் வந்தது. பதுளையில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து அலுவலகம் போட்டார்கள். இணைப்பாளராக சரவணமுத்து என்பவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர், முப்பது வருஷம் பதுளைக் குளிரில் கம்பளி உள்சட்டையோடு வாழ்ந்தவர். கணினிக்கு ஆள் தேவைப்பட்டபோது தனுஜா விண்ணப்பித்தாள், கிடைத்தது.

அன்று லயத்தில் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாள். நம் லயத்துக்கு வீடு வரப்போகிறது, அதை நம் பிள்ளை எழுதப்போகிறது என்று அப்பா வீரசிங்கம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

வேலை என்னவென்றால், பதுளையில் ஒரு புரோகிராம், கொழும்பில் ஒரு புரோகிராம். இங்கே பதிகிற குடும்பங்கள் தொலைபேசிக் கம்பி வழியே அங்கே போக வேண்டும். இரண்டையும் எழுதுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள், கணினி மொழியும் வேறு. ஒன்று சொல்வது மற்றதற்குப் புரிய வேண்டுமானால் என்னென்ன விபரம், எந்த வரிசையில், எந்த உருவில் போகும் என்று முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்பந்தத்தை எழுதவென்றே ஒரு தனி மொழி உண்டு. அதில் எழுதியதை ஐ.டி.எல். கோப்பு என்பார்கள். அதிலிருந்துதான் இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய இணைப்பு நிரல் பிறக்கிறது. அதில் இல்லாதது கம்பியில் போகாது.

எத்தனை என்று முன்பே தெரிந்த பொருளுக்கு அந்த மொழியில் அளவு மாறாத அணி இருக்கிறது. வாரத்தின் நாட்கள் என்றால் ஏழு இடம், எப்போதும் ஏழு. எத்தனை என்று தெரியாததற்கு 'சீக்வென்ஸ்' என்று இன்னொரு வகை. அதன் நீளம் கூடும், குறையும். அனுப்பும்போது முதலில் இத்தனை பேர் என்று சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவராக அனுப்பும். ஒருத்தர் என்றால் ஒருத்தர், பதினொருவர் என்றால் பதினொருவர். வகுப்பில் படித்தபோதே தனுஜாவுக்கு இது பிடித்துப்போனது. குடும்பங்களுக்கென்றே யாரோ யோசித்து வைத்தது போல இருந்தது. ஆனால் மனிதன் கைவைத்தால் எதுதான் சுத்தமாக இருக்கிறது? அந்த வகைக்கும் ஒரு உச்ச வரம்பு போடலாம். பெயருக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி, ஒரு எண். அந்த எண்ணுக்கு மேல் ஒரு ஆள்கூட ஏற முடியாது.

கொழும்பிலிருந்து வந்த கோப்பில் குடும்ப உறுப்பினர் என்ற இடத்தில் சீக்வென்ஸ் சரியாகத்தான் இருந்தது. பக்கத்தில் காற்புள்ளி. அதற்குப் பக்கத்தில் ஆறு.

முதல் கிழமை அவள் அதைக் கவனிக்கவில்லை. நாலைந்து பேர் உள்ள குடும்பங்கள் வழுவழு என்று போயின. பிறகு பெரகல பக்கத்துத் தோட்டமொன்றின் படிவங்கள் வந்தன. தட்டச்சுக்கு இருந்த பலீலா என்ற பிள்ளை இரண்டு நாள் அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தாள். தனுஜா தற்செயலாகப் பின்னால் போய் நின்றபோது, படிவத்தில் எட்டுப் பெயர், திரையில் ஆறு பெயர்.

"மத்த ரெண்டு பேர் எங்க?"

"எட்டுப் பேரப் போட்டா முழுக் குடும்பமும் போகுதில்ல மிஸ். செவப்பா பெட்டி வருது. கடைசிப் பேருகள விட்டா நல்லாப் போகுது" என்றாள் பலீலா, ஒரு வழியைக் கண்டுபிடித்த சந்தோஷத்தோடு. "நேத்துலருந்து ஒரு முப்பது பேர விட்டுட்டேன்."

தனுஜா அந்தப் படிவங்களை எடுத்துப் பார்த்தாள். தோட்டத்தில் பெயர் எழுதும் ஒழுங்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகிறவர்கள் முதலில். வேலைக்குப் பெயர் பதிந்தவர்கள் அல்லவா, அவர்கள்தான் தோட்டத்துக்கு மனிதர்கள். பிறகு அவர்களுடைய பிள்ளைகள். அதற்குப் பிறகு மிச்சம் மீதி. கால் ஊனமான சித்தப்பா. தாய் செத்துப்போன மருமகள். புருஷன் விட்டுப்போன மகள். விடுபட்ட முப்பது பேரும் அந்த மிச்சம் மீதிதான். முதலில் அருவருப்பு வந்தது, பிறகுதான் கோபம்.

கொழும்புக் கம்பனியில் அந்தக் கோப்பை எழுதியவன் பெயர் ஷுக்ரி. தொலைபேசியில் பிடித்தாள்.

"இந்த ஆறு எங்கயிருந்து வந்துச்சு?"

"அதுவா? இது புதுசா எழுதினது இல்ல தங்கச்சி. கொழும்புல மாடி வீட்டுத் திட்டம் ஒண்டுக்குச் செஞ்சது. அங்க ஒரு வீட்டுக்கு நாலு பேருதான் சராசரி. நாங்க தாராளமா ஆறு போட்டம்."

"இங்க ஒன்பது பேரு, பத்துப் பேரு இருக்காங்க."

"ஒரு ரூமுலயா?" என்று கேட்டுவிட்டு ஷுக்ரி சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, நம்ப முடியாத சிரிப்பு. அதுதான் அவளுக்கு இன்னும் குமட்டியது. "எடுக்கலாம். எடுக்க அரை நிமிஷம். ஆனா ரெண்டு பக்கமும் திரும்பச் செய்யணும், சோதிக்கணும். எழுத்துல வரட்டும்."

எழுத்தில் கொண்டு போனாள். சரவணமுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, இரண்டு தரம் வாசித்தார்.

"பிள்ளை, நீர் சொல்லுறது நியாயம். ஆனா ஒப்பந்தத்தில ஒரு எழுத்து மாத்திறதெண்டாலும் மூண்டு இடத்தில கையெழுத்து வேணும். ஒண்டு வெளிநாட்டில. ரெண்டு மாசம் போகும். மாச முடிவுக்குள்ள பதிவு முடிக்காட்டி இந்த வருசத்து வீடே இல்லையெண்டு சொல்லிப்போட்டினம். என்ன செய்யலாம், சொல்லும்?"

"அப்ப அந்த ஆளுங்கள விட்டுறவா ஐயா?"

"நான் விடச் சொல்லேல்லை. நீர் கெட்டிக்காரி. ஏதும் வழி பாரும்."

நல்ல மனுஷர்தான். தப்பைச் செய் என்று வாயால் சொல்லமாட்டார். அதைச் செய்யும் வேலையை மட்டும் பவ்வியமாக உன் மடியில் வைத்துவிடுவார்.

தனுஜா மூன்று நாள் யோசித்தாள். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கக்கூடிய வழி. ஒரு காம்பராவில் இரண்டு அடுப்பு இருந்தால் இரண்டு குடும்பம், அப்படித்தானே? ஆறு பேருக்கு மேல் போனால் மிச்சப் பேரை இரண்டாவது குடும்பமாகப் பதிவோம். காம்பரா எண் அதே எண். ஏழாவது ஆள் அந்தக் குடும்பத்தின் தலைவர். ஒருவரும் விடுபடமாட்டார்கள். கோப்பில் கைவைக்கத் தேவையில்லை, கையெழுத்துத் தேவையில்லை. பலீலா விட்ட முப்பது பேரையும் தேடி எடுத்து ஒவ்வொருவராகத் திரும்ப ஏற்றினாள். சிவப்புப் பெட்டி ஒன்றும் வரவில்லை. எல்லாம் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போய், பலீலா பெயர்களை விட்டதையும் தான் திரும்ப ஏற்றியதையும் அக்காவிடம் சொன்னாள்.

"ஒன் பேரும் போயிருச்சுக்கா. புள்ளைங்க பேரும். நீதான் குடும்பத் தலைவி."

கமலவேணி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நானா?"

"நீதான். தனிக் குடும்பம்."

"அப்ப தனி வீடு குடுப்பாங்களா?"

"குடுக்கணும்" என்றாள் தனுஜா. அந்தச் சொல்லை அவள் சொல்லியிருக்கக் கூடாது. அக்காவின் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நினைத்தால் பல வருஷம் கழித்தும் அவளுக்குச் சோறு இறங்காது.

நாலு மாதத்தில் பட்டியல் வந்தது. கையெழுத்து, முத்திரை, சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தலைப்பு. ஒன்பதாம் காம்பராவில் வீரசிங்கம் குடும்பம், ஆறு பேர், வீடு உண்டு. அடுத்த தாளில் இன்னொரு பட்டியல். 'அனுமதியின்றி மேலதிகமாகக் குடியிருப்போர்' என்று தலைப்பு. அதில் நாற்பத்தேழு குடும்பங்கள். ஒன்பதாம் காம்பரா, கமலவேணி, மூன்று பேர்.

நடந்தது இதுதான். ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம் என்பது திட்டத்தின் விதி. கொழும்புப் புரோகிராம் காம்பரா எண்ணைப் பார்த்தது. அதே எண்ணில் இரண்டாவது குடும்பம் வந்தால், வெளியாள் வந்து ஒண்டிக்கொண்டிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டது. அடுப்பு பிரிவது அதற்கு எப்படித் தெரியும்? அது தெரிந்தவர்கள் அதை எழுதவில்லை, அதை எழுதியவர்களுக்கு அது தெரியாது. நடுவில் நின்று, தெரிந்தும் தெரியாமலும், நாற்பத்தேழு குடும்பங்களை அந்தத் தலைப்புக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தியவள் தனுஜா. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

பட்டியலோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. வீடு பெறுகிறவர்கள் அதில் ஒப்பமிட வேண்டும். இரண்டாவது பட்டியலில் உள்ள எவரையும் புது வீட்டில் குடிவைக்கமாட்டோம், வைத்தால் வீடு பறிபோகும் என்று அதில் இருந்தது.

சரவணமுத்துவின் மேசையில் அந்தக் கடிதத்தைப் போட்டாள்.

"இது என் அக்கா ஐயா. இவ வெளியாளா? அந்த லயத்துல பொறந்தவ."

அவர் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "கொமிற்றி கையெழுத்து வைச்சிட்டுது பிள்ளை. இனி ஒண்டும் செய்யேலாது. மேன்முறையீடு எழுதும், நான் அனுப்புறன்." எழுதினாள். நாற்பத்தேழு மேன்முறையீடும் அவளே எழுதினாள். உங்கள் கடிதம் கிடைத்தது என்று ஒரே ஒரு பதில் வந்தது, நாற்பத்தேழுக்கும் சேர்த்து.

அந்த மாதக் கடைசியில் ஷுக்ரி உற்சாகமாகத் தொலைபேசி எடுத்தான். "தங்கச்சி, ஆறை எடுத்துட்டன். கையெழுத்து வந்திட்டு. இப்ப வரம்பே இல்ல, எத்தின பேரு எண்டாலும் போகும். ரெண்டாம் கட்டத்துக்கு ரெடி!"

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். புதுக் கோப்பைத் திறந்து பார்த்தாள். காற்புள்ளியும் இல்லை, எண்ணும் இல்லை. அந்த இடம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. எழுந்துபோய்க் குழாயடியில் நின்று வாந்தி எடுத்தாள்.

லயத்துக்குப் போய்ச் சொல்ல அவளுக்கு ஒரு கிழமை பிடித்தது. அதற்குள் அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அப்பா கடிதத்தில் ஏற்கெனவே ஒப்பமிட்டிருந்தார். இடாமல் என்ன செய்வார்? இடாவிட்டால் ஆறு பேரும் வெடித்த மலைக்குக் கீழே. அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "எழுதுனா நல்லதுன்னுதானேடி சொன்ன?" என்றாள்.

அக்கா அழவும் இல்லை, கத்தவும் இல்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்து சின்னவளுக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள்.

"அந்த பலீலாப் புள்ள செஞ்ச மாதிரி என் பேர விட்டிருந்தீன்னா, அவங்க ஆறு பேரும் போறப்ப நானும் பொட்டியத் தூக்கிக்கிட்டுப் பின்னாலேயே போயிருப்பேன். யாரு கேக்கப் போறா? தோட்டத்துல எந்தக் காலத்துல நம்மள எண்ணியிருக்காங்க? எண்ணாததுனாலதான் இம்புட்டு நாளா ஒண்டிக்கிட்டு இருந்தோம். நீ என்னைய எழுதிக் குடுத்துல்ல மாட்டி வச்சிட்ட."

கணினி வகுப்பில் ஆசிரியர் சொன்னதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். அக்கா சொன்னதுதான் கறி. விடுபட்டவர்களைத் தேடிப் பிடித்து ஏற்றியதை அவள் அறம் என்று நினைத்திருந்தாள். எதையும் யோசிக்காமல் பெயரை விட்ட பலீலாவின் சோம்பல் அதைவிட இரக்கமாக இருந்திருக்கிறது. தன் கெட்டிக்காரத்தனத்தின் மேலேயே அவளுக்குச் சீ என்று வந்தது.

புது வீடுகள் மேற்பிரிவில், ரோட்டோரமாக எழும்பின. குடிபோன மறுநாளே தோட்டத்து ஆட்கள் வந்து பழைய லயத்தின் தகரங்களைக் கழற்றினார்கள். காலி செய்த லயத்துக்குக் கூரை வைத்தால் யாராவது திரும்பி வந்துவிடுவார்கள் என்பது எல்லாத் தோட்டத்திலும் உள்ள பயம். ஒன்பதாம் காம்பராத் தகரத்தைக் கழற்றும்போது கமலவேணி இஸ்தோப்பில்தான் இருந்தாள். கழற்றியவன் கூடப் பிறக்காத தம்பி மாதிரிப் பழகியவன். "மன்னிச்சுக்க அக்கா" என்று சொல்லிக்கொண்டே கழற்றினான்.

பதுளையில் தனுஜா மூன்று பெண்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தாள். அக்காவையும் பிள்ளைகளையும் அங்கே மூன்று நாள் வைத்திருந்தாள். வீட்டுக்கார அம்மா நாலாம் நாள் பேச வந்தார். அதற்குள் கமலவேணியே முடிவெடுத்துவிட்டாள். பண்டாரவளையில் ஒரு ஏஜென்சி இருந்தது. மறுபடி பெய்ரூட். பிள்ளைகளை இரவோடிரவாக இல்லாமல், பட்டப்பகலில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு எல்லாரும் போன நேரம் பார்த்துப் புது வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அண்ணி கதவைத் திறந்து விட்டாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது.

பஸ் ஏறும்போது தனுஜா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மன்னிச்சுக்க" என்று சொல்ல நினைத்தாள். தகரம் கழற்றியவனும் அதைத்தானே சொன்னான் என்று தோன்றியதால் சொல்லவில்லை.

"அழுவாத. ரெண்டு வருசந்தானே" என்றாள் கமலவேணி. "புள்ளைங்கள பாத்துக்க. அதுக பேர மட்டும் எங்கயும் எழுதிறாத."

தனுஜா வேலையை விடவில்லை. விட்டிருந்தால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அண்ணன் சம்பளத்தில் எட்டு வாய். அதில் இரண்டு வாய் அவளால் வந்தது. இரண்டாம் கட்டம் தொடங்கியது. வரம்பில்லாத கோப்பில் பதின்மூன்று பேர் உள்ள குடும்பம்கூட ஒரே மூச்சில் போனது. சரவணமுத்து அதைக் கொமிற்றிக் கூட்டத்தில் அவளுடைய சாதனையாகச் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு மேசை விரிப்பின் கறையைப் பார்த்தாள்.

தை மாதத்தில் ஒருநாள் மேற்பிரிவில் கள வேலை. ஜீப்பில் இறங்கி, நீலப் படிவக் கட்டைக் கையில் இடுக்கிக்கொண்டு அப்பாவின் புது வீட்டுக்கு ஏறினாள். வாசலில் அக்கா பிள்ளைகள் இருவரும் கல் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரியவள் முதலில் கண்டாள். கண்டதும் சின்னவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடித் தேயிலைக்குள் இறங்கினாள். சத்தமே இல்லை. நன்றாகப் பழகிய ஓட்டம்.

"அடியே, சித்திதான்! வாங்கடி" என்று தனுஜா கூப்பிட்டாள். தேயிலை அசையவில்லை.

இராக்கம்மா கதவடியில் வந்து நின்றாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

"நாந்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். ஃபைலோட யாரு ஏறி வந்தாலும் ஓடிப்போய் உக்காந்துக்கணும்னு" என்றாள். "அதக் கொண்டுபோய் ஜீப்புல வச்சிட்டு வா. அதுவரைக்கும் வராதுங்க."